விழித்திரைப் படத்தை வைத்துக் கிளாக்கோமாவைக் கண்டுபிடிப்பது: கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். விழித்திரைப் படத்தை மட்டும் பார்த்துக் கிளாக்கோமா (கண் நரம்பு தேய்ந்து பார்வை குறையும் நோய்) சந்தேகம் உள்ளவர்களைப் பிரித்தெடுக்க முடியுமா என்று ஒரு சிறிய ஆய்வு செய்கிறேன். பாதியில் மாட்டிக்கொண்டேன்.

1000 பேரில் 20 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ளவர்களில் 80 சதவீதத்தைப் பிடித்து, இல்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விடுவிக்கிற முறை என்றால் 16 பேர் சிக்குவார்கள். கூடவே நோயே இல்லாத 98 பேரும். அத்தனை பேருக்கும் வீண் பயம், அலைச்சல். சரி, கண் அழுத்தத்தை அளந்தால் போதுமா என்றால், வழக்கமான எல்லையான 21 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தும் நரம்பு தேய்கிறவர்கள் உண்டு.

பெரிய தலைவலி நரம்புத் தட்டுதான் (கண் நரம்பு தொடங்கும் வட்டமான இடம்; அதன் நடுவில் இருக்கும் குழி, நரம்பு தேயத் தேயப் பெரிதாகும்). ஒரே படத்தில் குழிக்கும் தட்டுக்குமான விகிதத்தை நான் 0.6 என்கிறேன், கூடப் பார்ப்பவர் 0.7 என்கிறார். பிறவியிலேயே தட்டு பெரிதாக இருந்தால் குழியும் பெரிதாகத்தான் தெரியும், நோய் இல்லாமலே. கப்பா மதிப்பு (இருவர் கணிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) போட்டுப் பார்த்தேன், சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

அப்புறம், புரையாலோ சுருங்கிய கண்பாப்பாவாலோ மங்கலான படங்களை என்ன செய்வது? விலக்கினால் முடிவு அழகாக வரும், ஆனால் ஏமாற்றுவது போல இருக்கிறது. மேல்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியவர்கள் என்று கணக்கில் சேர்க்கலாமா?

படத்தை வைத்துச் சொன்னது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஓசிடி (நரம்பிழை அடுக்கின் தடிமனை ஒளியால் அளக்கும் ஸ்கேன்) மட்டும் போதுமா, பார்வைப் புலச் சோதனையும் (நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்பது) வேண்டுமா? கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்கு ஓசிடி நோய் இல்லாமலே சிவப்பு (அடுக்கு மெலிந்திருக்கிறது என்ற எச்சரிக்கை) காட்டிவிடுகிறது. இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.