அம்மாவை இங்கே அழைத்துக்கொள்வது அவருக்காகவா, நமக்காகவா?

தூரதேசி:
அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு 71 வயது. நான் ஒரே பிள்ளை, அமெரிக்காவில் இருக்கிறேன். தினமும் வீடியோவில் பேசுகிறோம். ஆனால் அம்மா பழக்கதோஷத்தில் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்வார். எனக்குத் தெரிவது அவர் காதும் கொஞ்சம் நரைமுடியும்தான். "முகத்தைக் காட்டும்மா" என்று சொல்லிச் சொல்லி விட்டுவிட்டேன்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். நெற்றியில் தையல். நாலு நாள் கழித்து, பக்கத்து வீட்டுக்காரர் வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நாலு நாளும் என்னோடு பேசியிருக்கிறார், காதைக் காட்டிக்கொண்டே.

எனக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது, 21 வயதைத் தாண்டிய குடிமகன் பெற்றோருக்கு கிரீன் கார்டு மனு போடலாம். போட்டுவிடுவது என்று நானும் மனைவியும் முடிவெடுத்துவிட்டோம். இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள்.

வேம்படி:
வேண்டாம்னு சொல்ற ஆள் நான். கோவிச்சுக்காதீங்க சகோ.

எங்கப்பாவை நானும் இப்படித்தான் கூட்டிட்டு வந்தேன். ஊர்ல அவர் தெருவுக்கே மனு எழுதிக் கொடுக்கிறவர். காலையில திண்ணையில நாலு பேர் காகிதத்தோட காத்துட்டு இருப்பாங்க. இங்க வந்ததும் அவர் "தாத்தா", அவ்வளவுதான். நாங்க எட்டு மணிக்குக் கிளம்பினா ஆறு மணிக்குத்தான் வருவோம். பத்து மணி நேரம் அந்த மனுஷன் என்ன பண்ணினார்னு நான் ஒருநாளும் கேட்கல. பகல்ல தூங்க ஆரம்பிச்சார், ராத்திரி முழிச்சிருந்தார். நேர வித்தியாசம் இன்னும் பழகலைன்னு நினைச்சேன், ஆறு மாசம் கழிச்சும்.

மறதி தொடங்கினப்போதான் உறைச்சுது. டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் தமிழ்லயே பதில் சொன்னார். முப்பது வருஷம் ஆபீஸ்ல ஆங்கிலத்துல எழுதின மனுஷன். மறதி நோய்ல பின்னாடி கத்துக்கிட்ட மொழி முதல்ல கழன்டு போறது உண்டாம், தாய்மொழி கடைசிவரைக்கும் நிக்குமாம். இடம் மாறினதால வர்ற குழப்பத்தையும் மனச்சோர்வையும் அமெரிக்க நர்சுகளோட நோயறிதல் பட்டியல்ல 1992-லயே சேர்த்துட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒருவேளை கூட்டிட்டே வந்திருக்க மாட்டேன்.

வயசான மரத்தைப் பிடுங்கி நடக்கூடாதுங்க.

மேகலை:
வேம்படி அண்ணா, உங்கள் அப்பாவுக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் அந்தக் கடைசி வரியை ஏற்கமாட்டேன். இந்த மரக்கதையை எனக்கும் எல்லாரும் சொன்னார்கள். "அவங்களுக்கு அங்கதான் சுகம்" என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் மூன்று பேரும் மூன்று நாட்டில் நிம்மதியாகத் தூங்கினோம்.

நான் பிரிட்டனில் இருக்கிறேன். இங்கே 2012-ல் விதியை மாற்றினார்கள். குளிக்க, உடுத்த, சமைக்கவே இன்னொருவர் துணை வேண்டிய நிலையில் இருக்க வேண்டும், அந்தத் துணை நாம் பணம் அனுப்பினாலும் அங்கே கிடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். அப்போதுதான் அப்பா அம்மாவை நிரந்தரமாக அழைக்கலாம். அதாவது, படுக்கையில் விழும்வரை காத்திரு. விழுந்த பிறகு, அங்கே பார்த்துக்கொள்ள ஆளே இல்லை என்று காகிதம் காட்டு. என் அம்மா விழுந்தார். நான் காகிதம் சேர்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு விமானம் மாறிப் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

தூரதேசி, உங்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. பாதிப் பேருக்கு அந்தக் கதவே இல்லை. மனுவைப் போடுங்கள்.

வேம்படி:
மேகலை, உங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. மனசு கனத்துப் போச்சு.

ஆனாலும் ஒண்ணு கேட்கணும். நமக்கு இருக்கிற குற்ற உணர்ச்சி வேற, அம்மாவோட தேவை வேற. நம்ம நெஞ்சு அடங்கறதுக்காக அவங்க வீட்டைப் பூட்டலாமா? கிரீன் கார்டு வாங்கினவங்க, மறுநுழைவு அனுமதி இல்லாம ஒரு வருஷத்துக்கு மேல வெளியில இருந்தா, இங்க குடியிருக்கிறதையே விட்டுட்டாங்கன்னு எடுத்துக்குவாங்க. ஆறு மாசம் தாண்டினாலே விமான நிலையத்துல கேள்வி. ஊர் நினைப்பு வந்தா போய் ரெண்டு வருஷம் இருந்துட்டு வர்ற சமாச்சாரம் இல்ல இது. மருத்துவம் இன்னொரு பக்கம். 65 வயசுக்கு மேல வர்றவங்க மெடிகேர்ங்கிற அரசு மருத்துவக் காப்பீட்டுல பணம் கட்டிச் சேரணும்னாலும் அஞ்சு வருஷம் தொடர்ந்து இங்க வசிச்சிருக்கணும். நடுவுல தனியார் காப்பீடுதான். இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னீங்களா? முடிவை நானும் மனைவியும் எடுத்தோம்னு எழுதியிருக்கீங்க. அம்மா என்ன சொன்னாங்கன்னு ஒரு வரிகூட இல்லையே.

பனிக்காலம்:
நான் கனடா. எங்கள் வீட்டில் சூப்பர் விசா, அதாவது பெற்றோர் வந்து நீண்ட நாள் தங்கிப் போகும் வருகை விசா. 2022-லிருந்து ஒரு வருகைக்கு ஐந்து வருடம்வரை தங்கலாம், மருத்துவக் காப்பீடு கட்டாயம். அத்தையும் மாமாவும் பனி விழும் முன் ஊருக்குப் போய்விடுவார்கள், வெயிலோடு வருவார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபடி பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு ஆகும் என்று உலக சுகாதார நிறுவனமே 2007-ல் சொன்னது. மாமாவை விமானத்தில் மணிக்கொரு தரம் எழுந்து நடக்க வைக்கிறோம்.

சன்னலோரம்:
நீங்கள்லாம் பிள்ளைங்க பேசுறீங்க. நான் அழைச்சுட்டு வரப்பட்ட அம்மா. வயசு 68. மகன் வீட்ல நாலு வருஷமா இருக்கேன்.

முதல் மூணு மாசம் நான் வாசப்படி தாண்டல. ஏன்னு யாருக்கும் தெரியாது, நானும் சொல்லல. கதவு சாத்தினா தானா பூட்டிக்கும். எங்கிட்ட சாவி இல்ல. வெளிய போயி கதவு சாத்திக்கிட்டா யாரைக் கூப்பிடறது, எப்படிக் கூப்பிடறது? மகன் தங்கமான பிள்ளை. மருந்து, கம்பளி, டிவி, எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தான். சாவி கொடுக்கணும்னு அவனுக்குத் தோணல. அம்மா எங்க போகப் போறாங்கன்னு நினைச்சிருப்பான். சன்னல்கிட்ட உக்காந்து பஸ்ஸை எண்ணுவேன். 14-ம் நம்பர் பஸ் இருபது நிமிஷத்துக்கு ஒண்ணு.

ஒருநாள் பேத்திதான் கேட்டா, "பாட்டி, உன் கீ எங்க?"ன்னு. அன்னிக்கு ராத்திரியே மகன் ஒரு சாவி போட்டுக் கொடுத்தான். மறுநாள் அந்த 14-ல ஏறி கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு அதே பஸ்ல திரும்பி வந்தேன். டிரைவர் ஒண்ணும் கேக்கல.

அதனால வேம்படி தம்பி, மரம்னு சொல்லாதீங்க. மரத்துக்குக் கால் கிடையாது. உங்கப்பாவுக்கு யாராவது சாவி கொடுத்தாங்களா?

வேம்படி:
இல்லைம்மா. கதவுல நம்பர் பூட்டு. அவர் நம்பரை மறந்துடுவார்னு நாங்க சொல்லியே கொடுக்கல. அப்போ அவருக்கு மறதி ஆரம்பிக்கக்கூட இல்ல.

ஆனாலும் என் கருத்து மாறலம்மா. உங்களுக்கு நடக்கத் தெம்பு இருந்தது, பஸ் இருந்தது. எங்க இடத்துல கார் இல்லாம பால் வாங்க முடியாது. சாவி இருந்தும் எங்க போயிருப்பார்?

சன்னலோரம்:
அது நியாயம்தான் தம்பி. பஸ் இல்லாத ஊர்னா நானும் இருந்திருக்க மாட்டேன்.

தூரதேசி:
வேம்படி கேட்டது உண்மை. நான் அம்மாவைக் கேட்கவே இல்லை. "எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். நேற்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கிரீன் கார்டு, ஒரு வருடக் கணக்கு, காப்பீடு, பகலில் வீட்டில் யாரும் இருக்கமாட்டோம் என்பது. பாதியில் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். தையல் போட்ட இடம் தெரிந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பிடிக்கலைன்னா திரும்பி வரலாமா? வீட்டை விக்கச் சொல்ல மாட்டியே?"

விற்கமாட்டேன் என்றேன். உண்மையில் விற்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போதைக்கு ஆறு மாதம் வந்து பார்க்கிறேன் என்கிறார்.

பனிக்காலம்:
அப்படியென்றால் மனுவை நிறுத்தி வையுங்கள். மனு போட்ட பிறகு சுற்றுலா விசா கேட்டால், அங்கேயே குடியேறத்தானே போகிறீர்கள் என்று தூதரகத்தில் மறுக்க வாய்ப்பு அதிகம். முதலில் விசிட்டர் விசா, அப்புறம் மற்றது.

வேம்படி:
இது சரி. எங்க ஏரியால பகல்ல பெரியவங்க கூடுற ஒரு மையம் இருக்கு, வேன்ல வந்து கூட்டிட்டுப் போவாங்க. அப்பா இருந்தப்போ நான் தேடவே இல்ல. உங்க ஊர்லயும் இருக்கான்னு அவங்க வர்றதுக்கு முன்னாடியே விசாரிச்சு வைங்க சகோ.

மேகலை:
ஆறு மாதம் பார்ப்பது நல்ல முடிவுதான். ஆனால் அதையே சாக்காக வைத்து மனுவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகாதீர்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. விசா நேர்காணல், டிக்கெட் எல்லாம் ஆக மாதங்கள் ஓடும். அதுவரை அம்மா அதே குளியலறையில்தான் குளிக்கப் போகிறார். பக்கத்து வீட்டுக்காரரிடம் நாளைக்கே பேசி, சுவரில் கைப்பிடி போடச் சொல்லுங்கள். தரையில் வழுக்காத விரிப்பும்.

தூரதேசி:
பேசிவிட்டேன் அக்கா. சனிக்கிழமை ஆள் வருகிறார்.