‘ரிக்கி ரெனுன்சியா’ன்னா என்ன? அவசரம்

வரிக்கீழ்: டாகுமென்டரிக்கு சப்டைட்டில் போடுறேன். ஊர்வலத் தட்டியில ஸ்பானிஷ்ல ‘ரிக்கி ரெனுன்சியா’ன்னு இருக்கு. ‘ரிக்கி ராஜினாமா செய்கிறார்’னு போட்டேன், தப்புன்னு திருப்பிட்டாங்க. ராத்திரிக்குள்ள கொடுக்கணும்.

தென்றல்77: எந்த நாடு? எந்த வருஷம்? பேருக்கு அப்புறம் கமா இருக்கா?

மொழிமேய்வான்: நாடு எதுக்கு? செய்தித் தலைப்பு பாணி அது. நிகழ்காலம்தான் சரி.

பழம்புலி: இதெல்லாம் ஆரம்பப் பாடம். ‘தூ’வுக்கான (நீ) ஏவலும் ‘அவர் செய்கிறார்’ வடிவமும் பெரும்பாலும் ஒண்ணேதான். வினை அட்டவணையைப் பார்த்துட்டு வந்து கேளுங்க.

தென்றல்77: புலி உறுமினாலும் விஷயம் சரி. ‘ஸலிர்’ மாதிரி எட்டு வினைக்குத்தான் தனி வடிவம்: ‘ஸால்’ன்னா வெளியேறு, ‘ஸாலே’ன்னா வெளியேறுகிறார். ‘தே’, ‘சே’ ஒட்டுற வினையிலயும் தெரிஞ்சிடும். ‘பேத்தே’ன்னா போயிடு, ‘சே பா’ன்னா போறார். ஏவல்ல அந்த ஒட்டு வினைக்குப் பின்னால வரும். ‘ரெனுன்சியார்’ல ரெண்டு அடையாளமும் கிடையாது.

ரியோகாரன்: அர்ஜென்டினாவா இருந்தா ‘வோஸ்’ (அங்க ‘நீ’க்குச் சொல்றது) வடிவம். அழுத்தம் கடைசி அசையில விழும், அந்த எழுத்து மேல ஒரு சாய்கோடு வரும். தட்டியில பெரிய எழுத்துல எழுதுறப்ப கோட்டை விட்டுடுவாங்க.

வரிக்கீழ்: ஸாரி. போர்ட்டோ ரிக்கோ, 2019. கமா இல்ல.

தென்றல்77: அப்ப ஆளுநர் ரிக்கார்டோ ரோசெல்லோ. அவர் வட்டத்தோட 889 பக்க டெலிகிராம் உரையாடல் ஜூலை 13ல வெளியாச்சு. விலகுறேன்னு அவர் சொன்னது 24ஆம் தேதி ராத்திரி. தட்டி அதுக்கு முந்தினதுன்னா சந்தேகமே இல்ல: ‘ரிக்கி, பதவி விலகு!’ ஹேஷ்டேக்ல கமா போட முடியாது, தட்டியும் அப்படியே எழுதியிருப்பாங்க. தமிழ்ல நீங்க போட்டுடுங்க.

மொழிமேய்வான்: ஆளுநரைப் போய் ‘விலகு’வா? ‘விலகுங்கள்’தானே மரியாதை?

பழம்புலி: மரியாதை வேணும்னா ‘உஸ்தெத்’துக்கு (நீங்கள்) ‘ரெனுன்சியே’ன்னு எழுதியிருப்பாங்க. செல்லப்பேரைச் சொல்லி விரட்டுற இடத்துல ‘ங்கள்’ எதுக்கு? 1942ல ‘வெள்ளையனே வெளியேறுங்கள்’னா கத்தினாங்க?

ரியோகாரன்: அர்ஜென்டினாவுல 2001 டிசம்பர்ல எழுந்த ‘கே சே பாயன் தோதோஸ்’ நேரடி ஏவலே இல்ல. படர்க்கை, ‘எல்லாரும் போகட்டும்’.

மொழிமேய்வான்: நம்ம ‘ஒழிக’தானே அது!

பழம்புலி: வியங்கோள்ங்கறது வரைக்கும் சரி. ஆனா ஒழிகவுக்கு ‘முவேரா’ இருக்கு, வாழ்கவுக்கு ‘பிபா’ இருக்கு. 2001ல கேட்டது நாற்காலியை விட்டுப் போகச் சொல்லி.

மொழிமேய்வான்: ஒழிகன்னாலும் அதேதான்.

பழம்புலி: இல்ல.

வரிக்கீழ்: ‘விலகு’ ஓகே ஆயிடுச்சு. நன்றி.