இஸிப்ராக்ஸி: கட்டுரைச் சுருக்கம் வருகிறது, பிடிஎஃப் மட்டும் திறக்கவில்லை

கேள்வி

சந்தா தளங்களை வெளியிலிருந்தும் படிக்க வழிசெய்யும் ப்ராக்ஸி மென்பொருளான இஸிப்ராக்ஸியை (EZproxy) எங்கள் நூலகத்தில் சொந்த லினக்ஸ் சர்வரில் ஓட்டுகிறோம். ஒவ்வொரு தளத்துக்கும் தனி போர்ட் எண் தரும் முறையிலிருந்து, தளத்தின் பெயரோடு ப்ராக்ஸியின் பெயரைப் பின்னொட்டாகச் சேர்க்கும் ப்ராக்ஸிபைஹோஸ்ட்நேம் முறைக்கு மாறியதும் இரண்டு சிக்கல். ஒரு தரவுத்தளத்தில் சுருக்கம் வரை வருகிறது, பிடிஎஃப்பை அழுத்தினால் 'சந்தா தேவை' என்ற பக்கம். இன்னொன்று, சிலரது போனில் மட்டும் சான்றிதழ் எச்சரிக்கை. வளாகத்துக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது. எங்கிருந்து பார்ப்பது?

பதில் 1

வளாகத்துக்குள் சரியாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கான்ஃபிக் கோப்பில் எக்ஸ்க்ளூட்ஐபி வரி இருந்தால் உள்ளே இருப்பவர்கள் ப்ராக்ஸியைத் தொடாமல் நேராகப் பதிப்பாளரிடம் போகிறார்கள். மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

பிடிஎஃப்பை அழுத்திய பிறகு முகவரிப் பட்டையைப் பாருங்கள். உங்கள் ப்ராக்ஸியின் பின்னொட்டு அங்கே காணாமல் போயிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது: பிடிஎஃப் வேறொரு ஹோஸ்டிலிருந்து (வேறு சர்வர் பெயரிலிருந்து) வருகிறது, அது ஸ்டான்ஸாவில், அதாவது கான்ஃபிக்கில் அந்தத் தரவுத்தளத்துக்கான வரிகளின் தொகுப்பில், இல்லை. இல்லாத ஹோஸ்டின் இணைப்பை இஸிப்ராக்ஸி மாற்றி எழுதாது. பிரவுசர் வீட்டு ஐபியோடு நேராகப் போகும், பதிப்பாளர் மறுப்பார்.

எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில் அந்த ஹோஸ்டின் பெயரை எடுங்கள். டைட்டில், யூஆர்எல் வரிகளுக்குக் கீழே ஒரு ஹோஸ்ட் வரியாகச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஜாவாஸ்கிரிப்டுக்குள் அந்தப் பெயர் வந்தால் அங்கேயும் மாற்றி எழுத ஹெச்ஜே (ஒரு ஹோஸ்டுக்கு) அல்லது டிஜே (முழு டொமைனுக்கு) வரி வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம். பல நிறுவனங்கள் பகிரும் கிளவுட் சேமிப்பகத்தின் முழு டொமைனையும் டொமைன் வரியில் போடாதீர்கள், சம்பந்தமில்லாத தளங்களும் உங்கள் ஐபி வழியே போகத் தொடங்கும். நேர வரம்புள்ள கையொப்பத்தோடு வரும் சேமிப்பக இணைப்பு பெரும்பாலும் ஐபியைப் பார்ப்பதில்லை, அதை ப்ராக்ஸி வழியே அனுப்பவே தேவையில்லை.

பதில் 2

போன் எச்சரிக்கைக்கு முதல் சந்தேகம் இடைநிலைச் சான்றிதழ், அதாவது உங்கள் சான்றிதழை பிரவுசர் நம்பும் மூலச் சான்றிதழோடு இணைப்பது. அது இல்லாவிட்டாலும் கணினி பிரவுசர்கள் பல நேரம் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும், எல்லாப் போன்களும் அப்படிச் செய்வதில்லை. அட்மின் பக்கத்தில் எஸ்எஸ்எல் பகுதிக்குப் போய் முழுச் சங்கிலியையும் மறுபடி ஏற்றுங்கள்.

அப்படியே முகவரியில் பதிப்பாளர் பெயரின் புள்ளிகள் சிறுகோடுகளாக மாறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். வைல்ட்கார்டு சான்றிதழ் (பல துணைப் பெயர்களுக்குப் பொதுவான ஒரே சான்றிதழ்) ஒரே ஒரு நிலைப் பெயரைத்தான் ஏற்கும், புள்ளிகள் அப்படியே இருந்தால் பொருந்தாது. மாறவில்லை என்றால் ஹெச்டிடிபிஎஸ்ஹைஃபன்ஸ் ஆப்ஷனைப் போடுங்கள். லெட்ஸ் என்கிரிப்டின் இலவசச் சான்றிதழ் எடுப்பதானால் வைல்ட்கார்டுக்கு டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பு மட்டுமே உண்டு. டிஎன்எஸ் பதிவைத் தானாக மாற்ற வழியில்லாத இடத்தில் ஒவ்வொரு புதுப்பித்தலும் பெரும்பாலும் கைவேலைதான்.

கேள்வி கேட்டவர்

பின்னொட்டு மறைந்ததுதான், ஹோஸ்ட் வரி சேர்த்ததும் பிடிஎஃப் திறக்கிறது. இடைநிலைச் சான்றிதழும் விடுபட்டிருந்தது. ஆனால் இப்போது அந்த ஸ்டான்ஸாவுக்குக் கீழே உள்ள வேறொரு தளத்தில் லாகின் நிற்கவில்லை.

பதில் 1

அந்த ஸ்டான்ஸாவுக்கு மேல் டொமைன்குக்கிஒன்லி ஆப்ஷன் (லாகினை நினைவில் வைக்கும் குக்கிகளை இஸிப்ராக்ஸி கையாளும் விதத்தை மாற்றுவது) இருக்கிறதா? இருந்தால் ஸ்டான்ஸா முடிந்ததும் வழக்கமான நிலைக்குத் திருப்பும் குக்கி ஆப்ஷனைப் போட்டு மூட வேண்டும். இந்த வரிகள் இடத்தைப் பொறுத்தவை, மூடாவிட்டால் கீழே உள்ள எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். ஒரு ஸ்டான்ஸாவை வெட்டி ஒட்டும்போது அதன் மேல் வரியும் கீழ் வரியும் சேர்ந்தே போக வேண்டும்.

பதில் 3

கான்ஃபிக்கைத் திறந்தே வைத்திருக்கிறீர்கள், இதையும் பார்த்துவிடுங்கள். திருடப்பட்ட ஒரே ஒரு கடவுச்சொல்லால் யாராவது மொத்தமாக இறக்கினால், பதிப்பாளர் ப்ராக்ஸியின் ஐபியையே முடக்குவார், வெளியிலிருந்து வரும் அத்தனை பேருக்கும் கதவு அடைபடும். ஒருவர் இறக்கும் அளவுக்கு வரம்பு வைக்கும் யூசேஜ்லிமிட் வரியை ஸ்டான்ஸாக்களுக்கு மேலே வையுங்கள்: இன்டர்வல் (அளக்கும் காலம்) 15 நிமிடம், எம்பி (இறக்கும் அளவு) 100, எக்ஸ்பயர்ஸ் (தடை நீடிக்கும் காலம்) 120 நிமிடம் என்று தொடங்கலாம். முதலில் தடையை அமலாக்கும் என்ஃபோர்ஸ் இல்லாமல் சில வாரம் ஓடவிட்டு யார் வரம்பைத் தொடுகிறார்கள் என்று பாருங்கள், ஆய்வு மாணவர்கள் நிஜமாகவே நிறைய இறக்குவார்கள். லாக்யூசர் ஆப்ஷனையும் போடுங்கள். அது இல்லாத பதிவில் பயனர் பெயர் இருக்காது, பதிப்பாளர் புகார் அனுப்பும்போது எந்தக் கணக்கை மூடுவது என்றே தெரியாது.