படகுப் பெயருக்கும் ரசீதுக்கும் ஒரு எழுத்துரு: எங்கே வைத்துச் சோதிப்பது?

தங்கச்சிமடத்துக்காரன்:
படகில் பெயர் எழுதவும் மீன் கம்பெனி ரசீது அடிக்கவும் ஒரு தமிழ் எழுத்துரு வரைந்துகொண்டிருக்கிறேன். திரையில் பெரிதாக்கினால் எல்லா எழுத்தும் அழகாகத்தான் தெரிகிறது. அந்த அழகை நான் நம்பவில்லை. படகுத் துறை ஜெட்டியில் நின்று அடுத்த வரிசைப் படகைப் பார்ப்பவருக்கு 'அந்தோணியார்' என்பதில் கடைசிப் புள்ளி தெரிய வேண்டும், ரகரமும் துணைக்காலும் குழம்பக் கூடாது. நம் பெயின்டர் அண்ணன்மார் கையால் எழுதுவதைவிட மோசமான ஒன்றைப் படகில் ஏற்ற எனக்கு மனசில்லை. எந்தச் சொற்களை, எங்கே வைத்துப் பார்க்கலாம்?

பாம்பன் பெயின்டர்:
தம்பி, காகிதத்தை நம்பாதே. பலகையை நிமிர்த்தி வைத்து எனாமலில் எழுதிப் பார். பெயின்ட் கீழே இறங்கும், கீ, சூ சுழியெல்லாம் அங்கேதான் அடையும். வெயில் சாய்வாக அடிக்கிற நேரத்திலும் பார்க்கணும், பளபளப்பில் மெல்லிய கோடு காணாமல் போகும். தகட்டில் எழுத்தை வெட்டி ஸ்டென்சில் செய்வதாக இருந்தால் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழும், அதைப் பிடித்துக்கொள்ள நடுவே பாலம் விட்டுத் தனி வடிவம் வரைந்துகொள். அப்புறம், 'அன்னை' என்று எழுதும்போது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, ஐகாரக் குறியை யானைத் துதிக்கை மாதிரி எழுத்தோடு சேர்த்துப் போட்ட னை வேண்டும் என்று கேட்கிற பெரியவர்கள் உண்டு. மாற்று வடிவமாக அதையும் வை.

கீழக்கரை பில் கடை:
ரசீது வேறு உலகம். சாதாரண பில் மெஷினில் எழுத்தை அடிக்கிற சிறு அச்சுப் புள்ளி, அதாவது டாட், ஒரு மில்லிமீட்டருக்கு 8தான். 3 மி.மீ. உயரம் என்றால் மொத்தமே 24 டாட், மேலே புள்ளி, கீழே உகரச் சுழி எல்லாம் அதற்குள் அடங்கணும். மீன் பெயர்களையே அடித்துப் பாருங்கள்: கணவாய், சூடை, நெத்திலி, ஊளி. மூன்று சுழி ண ஒட்டிக்கொண்டால் 'கனவாய்' ஆகிவிடும். ஊகாரத்துக்குள் இருக்கும் ள அடைந்து வெறும் கறையாகும். அடித்ததை உங்கள் ஊர் ஏலக்காரர் யாரிடமாவது கொடுத்து, எதுவும் சொல்லாமல் படிக்கச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்துக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே, இருவருக்கும். அப்படியானால் ரசீதுக்குத் தனி வடிவமே வரைகிறேன், அதில் ண அகலமாக இருக்கும். படகு வடிவத்தில் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே கோட்டுத் தடிமன் அளவாவது இடைவெளி விடுகிறேன். எழுதிப் பார்க்கப் பழைய பலகை எங்கே கிடைக்கும்?

பாம்பன் பெயின்டர்:
படகு பழுது பார்க்கிற இடத்தில் கழித்த பலகை கிடக்கும், ஆசாரியிடம் கேள். இரண்டு பலகை சேரும் இணைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்கு, அந்தக் கோடு எழுத்தின் நடுவே ஓடினாலும் படிக்க வரணும்.