பொருள்: பேக்கப் – காப்பா, நகலா, படியா? (அவசரம்)

அனைவருக்கும் வணக்கம்.

பழைய மடிக்கணினியை வீட்டு வழங்கியாக (ஹோம் சர்வர்) மாற்றும் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். டெபியன், வயர்கார்டு, நெக்ஸ்ட்கிளவுட் எல்லாம் மென்பொருள்களின் பெயர்கள், தப்பித்தேன். பேக்கப்பில் மாட்டிக்கொண்டேன். 'காப்பு' என்று போட்டுக்கொண்டே வந்ததில் ஒரு வரி இப்படி வந்து நிற்கிறது: "ரெய்டு 1 ஒரு காப்பு, ஆனால் காப்பு அல்ல."

ரெய்டு 1 என்பது இரண்டு வட்டில் ஒரே தரவை ஒரே நேரத்தில் எழுதும் முறை. அதனால் ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது. ஆனால் கை தவறி ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அந்த நொடியே போய்விடும். இதைச் சொல்ல எனக்குச் சொல் இல்லை.

– செ.

~

காப்பே போதும். "இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும்" என்று குறள் 385 அடுக்குகிறது. காத்தல் உங்கள் பேக்கப், வகுத்தல் உங்கள் வழங்கி. இதைவிட என்ன வேண்டும்? பிள்ளைத்தமிழே காப்புப் பருவத்தில்தானே தொடங்குகிறது!

– புலவர் அ.

~

ஐயா, காப்பீடு, காப்புரிமை, காப்பகம், கையில் போடும் காப்பு என்று அந்தச் சொல் ஏற்கெனவே நான்கு வீட்டில் வேலை பார்க்கிறது. செ. கேட்பது காக்கும் செயலை அல்ல, தனியே எடுத்து வைத்த பொருளை. 'காப்பு நகல்' என்று போட்டு முடியுங்கள்.

– மு.

~

> காப்பு நகல்

நகல் அரபுச் சொல். ஏடு பெயர்த்து எழுதிய காலத்திலிருந்தே நம்மிடம் 'படி' இருக்கிறது. மூல ஏட்டைச் செல்லரித்த பிறகும் நூல் பிழைத்தது படிகளால்தான். எனவே காப்புப்படி. வீட்டு வழங்கி என்றதற்கு நன்றி. 'வீட்டுச் சேவையகம்' என்றால் வீட்டுக்குள் இன்னொரு அகம்.

– தமிழ்நெஞ்சம்

~

நகலை அரபு என்று விரட்டினால் அசலும் கூடவே போகும், அதுவும் அரபுதான். ஆனால் படி எனக்குச் சம்மதம். மூன்று படி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்ற 3-2-1 விதியை இதில் அழகாகச் சொல்லலாம்.

– மு.

~

அந்த 'வேறிடத்தில்' தான் அடுத்த தலைவலி. ரிமோட் பேக்கப்புக்குத் தொலைக்காப்பு சரியா?

– செ.

~

'க்' இல்லாவிட்டால் வினைத்தொகை, தொலைந்த காப்பு. போட்டாலும் தொல்லைதான்: தொலைபேசியில் மிகாத ஒற்று தொலைக்காட்சியில் ஏன் மிகுகிறது என்று யாராவது தொடங்குவார்கள். சேண் + படி = சேட்படி. மட்குடம் போல. இலக்கணச் சுத்தம்.

– புலவர் அ.

~

ஐயா, சேட்டைப்படி என்றுதான் காதில் விழுகிறது.

செ. அவர்களுக்கு, சொல்லை விட்டு ஒரு நிமிடம். உறவினர் வீட்டில் ஒரு வட்டு வைத்து, ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரலால் அனுப்பச் சொல்கிறதா கையேடு? தரவு நம் கணினியை விட்டுப் போகும் முன்பே மறையாக்கம் (என்கிரிப்ஷன்) ஆகிவிடும். முதல் முழுப் படியை நம் வீட்டிலேயே எடுத்து, வட்டைக் கையோடு கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள். பிறகு மாறியது மட்டும் இணையத்தில் போகும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைக்கச் சொல்லவும் மறக்காதீர்கள், அது போனால் எல்லாம் போச்சு.

செலவையும் எழுதுங்கள். 10 வாட் இழுக்கும் கருவி ஆண்டு முழுக்க ஓடினால் சுமார் 88 யூனிட். பழைய மடிக்கணினியின் மின்கலம் நன்றாக இருந்தால் மின்தடையில் அதுவே கை கொடுக்கும்.

– நா.

~

ஒத்திசைவும் (சிங்க்) காப்புப்படி ஆகாது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. கணினிகளில் கோப்புகளை ஒன்றுபோல் வைக்கும் சிங்திங் நிரல் ஓடுகிறது, கவலை இல்லை என்று நானே இரண்டு வருடம் இருந்தேன்.

– மு.

~

சரி, சேர்த்துவிட்டேன். 'காப்புப்படி', 'வெளியிடக் காப்புப்படி' என்று அனுப்புகிறேன். நீளம்தான், வேறு வழியில்லை. அந்த வரி இப்போது: "ரெய்டு பழுதைத் தாங்கும், ஆனால் காப்புப்படி ஆகாது." ஐந்து பேரில் நான்கு பேர் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன். ரெஸ்டோருக்கு 'மீட்டல்'. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.

– செ.

~

மீட்டல் வீணைக்கு. மீட்டெடுத்தல் என்க. சேட்படி குறித்த என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

– புலவர் அ.