விசேஷ நாளில் நம்ம ராமநாதபுரக் கடற்கரைப் பக்கம் யாரைப் பார்த்தீர்கள்?

உச்சிப்புளியிலிருந்து:

காணும் பொங்கல் முடிந்த கையோடு எழுதுகிறேன். அரியமான் கடற்கரையில் இந்த முறையும் சவுக்குத்தோப்பு முழுக்கக் கூட்டம். பாக் நீரிணைப் பக்கம் என்பதால் பெரிய அலை இருக்காது. அதை நம்பி உள்ளூர் நாட்டுப்புறமெல்லாம் வேன் பிடித்து வந்துவிடுகிறது.

கமுதிப் பக்கத்திலிருந்து ஒரு சரக்கு வண்டி வந்திருந்தது. பின்னால் பாய் விரித்து இரண்டு மூன்று குடும்பம், தூக்குவாளியில் புளிச்சோறு, அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு. முண்டு மிளகாய் போடுகிறவர்கள். கூட வந்த அப்பத்தாவுக்கு இதுதான் முதல் கடல். ஒரே மாவட்டம்தான், ஆனால் கமுதிக்காரருக்குக் கடலில் என்ன வேலை? கரையில் நின்று இடமும் வலமும் நன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏப்பா, இத்தாம் பெரிய கண்மாய்க்கு மடை எந்தப் பக்கம் இருக்கு?"

பேரன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. கண்மாயில் தண்ணீர் திறக்கும் மடையையும் மிகுந்தது வழியும் கலுங்கையும் பார்த்தே வெள்ளாமை செய்தவர், தண்ணீரைக் கண்டால் வேறு எதைக் கேட்பார்? அப்புறம் பனங்கிழங்கு ஒன்றை எடுத்து, தோலை உரித்து, நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்த குருத்தை உருவி எறிந்துவிட்டுப் பாதியை என் கையில் வைத்தார். "நாரு பல்லுல மாட்டும், பாத்துத் தின்னு" என்றார்.

உங்களுக்கு இப்படி யாராவது வாய்த்திருந்தால் எழுதுங்கள். தல வரலாறு வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. ஆள்தான் வேண்டும்.

மதுரையிலிருந்து:

மடை பாம்பனில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே! பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் அப்பத்தா நம்பியிருப்பார்.

என் கதை ராமேஸ்வரம். ஆடித் திருக்கல்யாண சமயம். புதுப் பாலத்தில் ரயிலில் போகவேண்டும் என்று வீட்டில் பிள்ளைகள் ஒரே பிடிவாதம். 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ரயில் மண்டபத்தோடு நின்றுபோனதே, அந்த ஏக்கம். சரி என்று கிளம்பினோம். அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, ஈரத்துணியோடு உள்ளே இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடலாம் என்று வந்தால் கோயில் கதவு சாத்தியிருக்கிறது! கிரகணமா, என்னவோ என்று விழித்துக்கொண்டு நின்றோம். பூக்கடை அக்கா தலையை நிமிர்த்தாமல் கட்டிக்கொண்டே சொன்னார்: "சாமி ஊர்ல இல்ல சார். ராமர்பாதத்துக்குப் போயிருக்காரு. நீங்களும் அங்க போங்க, நிம்மதியாப் பாக்கலாம்."

விஷயம் இதுதான். திருக்கல்யாண விழாவில் ஒருநாள் சாமியும் அம்பாளும் கந்தமாதன பர்வதத்துக்கு, நாம் ராமர்பாதம் என்று சொல்லும் மேட்டுக்கு, எழுந்தருள்வார்கள். அவர்கள் திரும்புகிறவரை நடை அடைப்பு. உள்ளூர்க்காரர்களுக்கு அது பழகிய சங்கதி. வெளியூர்க்காரர்களுக்கு ஒவ்வொரு வருடமும் அதிர்ச்சி.

எங்களைப்போலவே ஒரு வடநாட்டுத் தம்பதி, நல்ல வயதானவர்கள், காசியிலிருந்து கங்கைத் தண்ணீரைச் சின்னச் செம்பில் அடைத்துக் கொண்டுவந்து நின்றார்கள். என் இந்தி ரயில் நிலைய அறிவிப்பு அளவுக்குத்தான். கையைக் காட்டி, தலையை ஆட்டி, ஒரே ஆட்டோவில் ஏறிக்கொண்டோம். வழி முழுக்க அந்த அம்மா செம்பைக் கீழே வைக்கவே இல்லை. என் மகள் மடியை நீட்டியபோது மட்டும் இரண்டு நிமிடம் கொடுத்தார், அதுவும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே. ஊருக்குத் திரும்பும்போது இங்கிருந்து மணல் எடுத்துப்போய்க் கங்கையில் கரைப்பார்களாம். அதற்கு ஒரு துணிப்பையும் தயாராக வைத்திருந்தார்.

கீழக்கரையிலிருந்து:

நாள் தெரியாமல் வந்து நிற்பது என்றதும் ஞாபகம் வருகிறது. ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழா இஸ்லாமிய ஆண்டின் துல்கஅதா மாதத்தில் வரும். பிறைக் கணக்கு என்பதால் ஆங்கிலத் தேதி வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். போன வருடத் தேதியைப் பார்த்து வண்டி ஏறினால் கூடும் இருக்காது, கூட்டமும் இருக்காது. அப்படி வந்து இறங்கிய ஒரு மலப்புரம் குடும்பம் எங்கள் தெருவில் இடம் விசாரித்துக்கொண்டு நின்றது. எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். எங்கள் உம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அந்தக் காக்காவ உள்ள வரச் சொல்லு, புள்ளையள வெயில்ல நிப்பாட்டி வச்சிருக்காங்க" என்றார்.

அன்றைக்கு வீட்டில் தொதல் கிண்டிக்கொண்டிருந்தார்கள். தேங்காய்ப் பாலும் மாவும் கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வருகிறவரை கை ஓயாமல் கிண்டவேண்டும். வந்த பெண் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு உம்மாவிடமிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டார். எங்களுக்கு மலையாளம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் பாதி. தொதல் ஒழுங்காக வந்தது. கூடு விடிகாலையில் தர்காவுக்கு வந்து சேருவதைக் காண அடுத்த வருடம் சரியான தேதிக்கு வந்தார்கள். அதற்கு முன் உம்மாவிடம் போனில் பிறை கேட்டுக்கொண்டார்கள்!

ராமநாதபுரத்திலிருந்து:

உத்தரகோசமங்கை மார்கழித் திருவாதிரை பற்றி ஒரு வரி. மரகத நடராஜர் வருடம் முழுக்கச் சந்தனக் காப்பில் இருப்பார், ஆருத்ராவை ஒட்டி ஒருநாள்தான் களைவார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் தாழம்பூவோடு வந்திருந்தார். பின்னால் நின்ற சென்னைக்காரர், சிவனுக்குத் தாழம்பூ ஆகாது என்று விடியவிடிய வாதம் செய்தார். இந்தக் கோயிலில் ஆகும் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. சந்நிதியில் சாத்தியிருந்ததைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினார்.

தங்கச்சிமடத்திலிருந்து:

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவை யாரும் எழுதவில்லையே. தவக்காலத்தை ஒட்டி இரண்டு நாள். பெயர் பதிந்து, சோதனை முடித்து ராமேஸ்வரத்திலிருந்து படகில் போவோம். பாஸ்போர்ட், விசா கிடையாது. மீனவர் கைது பிரச்சினையில் இங்கிருந்து படகே புறப்படாத வருடமும் உண்டு.

முதல்நாள் சாயங்காலம் கொடியேற்றம், சிலுவைப்பாதை, அப்புறம் தேர். இரவு மணலிலேயே படுக்கை. எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் இலங்கை நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு அக்கா. நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மண்டபம் கிட்டவோ? நான் சின்னனில மண்டபம் அகதி முகாமிலதான் இருந்தனான்." ஸ்டேஷன் பக்கம் இருந்த ஒரு டீக்கடை, முகாம் வாசல் வேப்பமரம், கூடப் படித்த பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கடை இல்லை என்றேன். மரம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். காலையில் பூசை முடிந்ததும் அவர் படகு முந்திக்கொண்டது. வாட்ஸப் எண் வாங்கி வைத்திருந்ததால் பிழைத்தேன். மரம் இருக்கிறது, போட்டோ அனுப்பினேன். இப்போது அவருடைய தம்பிக்கும் வேண்டுமாம், வேறு கோணத்தில்.

மதுரையிலிருந்து:

மே விடுமுறையில் திரும்ப வரலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தனுஷ்கோடியும் பார்க்க வேண்டும். எப்படி இருக்கும்?

உச்சிப்புளியிலிருந்து:

தாராளமாக வாருங்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நிழல் என்பதே கிடையாது, பொழுது சாய்ந்தால் வண்டிகளை விடவும் மாட்டார்கள். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்காமல் நுங்கு வாங்கிச் சாப்பிடுங்கள், அதற்கு அதுதான் பருவம்.