கத்திரி வெயில்: குழந்தைக்கு வேர்க்குரு, வீட்டுக்காரருக்கு அரிப்பு

கேள்வி:
வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மாதப் பாப்பாவுக்குக் கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு, ராத்திரி முழுக்க நெளிகிறாள். மாமியார் பவுடரை நிறையப் போடச் சொல்கிறார்கள். வீட்டுக்காரருக்குத் தொடை இடுக்கில் வட்டமாக அரிப்பு. மருந்துக்கடையில் வாங்கிய களிம்பு போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் இன்னும் பெரிதாக வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்:
பவுடர் வேண்டாம் தங்கச்சி. வியர்வைக் குழாய் அடைபடுவதால்தான் வேர்க்குரு வருகிறது. பவுடர் வியர்வையில் குழைந்து மடிப்பில் திட்டுத் திட்டாக ஒட்டும், பறந்தால் பிள்ளையின் மூச்சிலும் போகும். பச்சைத் தண்ணீரில் நனைத்த பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, சட்டையில்லாமல் மின்விசிறிக் காற்றில் விடுங்கள். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அவருக்கு இருப்பது படர்தாமரை மாதிரித் தெரிகிறது. எனக்குக் கவலையே அந்தக் களிம்புதான். ஸ்டீராய்டு கலந்ததென்றால் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். ட்யூபில் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன் அக்கா. குளோபெட்டசால் என்று இருக்கிறது.

பதில்:
அது வீரியமான ஸ்டீராய்டு. அந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். துண்டைத் தனியாக வையுங்கள், உள்ளாடையை வெயிலில் நன்றாகக் காயப்போடுங்கள். அப்புறம், வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். ஒருவர் மட்டும் மருந்து போட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.